படிக்காமல் அழுத்திய சரி

எனக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் கத்தமாட்டேன். கத்திவிட்டால் மறுநாளே கோபம் ஆறிவிடும், அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும். அதனால் எழுதி வைத்துவிடுவேன். எழுதி வைத்த கோபம் ஊசிப்போவதில்லை. இப்படி ஒரு குணம் எனக்கு இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போனது அவருடைய கெட்ட நேரம்.

அலுவலகம் விழுப்புரத்தில், ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மல்லாட்டை மண்டிகளுக்கும் (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) ரைஸ் மில்களுக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். மூட்டை தராசில் ஏறினால் எடை கம்ப்யூட்டருக்கு வரும், அன்றைய விலையைப் பெருக்கி ரசீது வெளியே வரும். நான் ஓமந்தூர்ப் பக்கம். திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி, அந்த மாடிப்படி ஏறுவதுதான் என் காலை.

அந்த சாஃப்ட்வேரை முதன்முதலில் எழுதியவர் எங்களோடுதான் வேலை பார்த்தார். நேரில் எல்லோரும் அண்ணா என்போம், முதுகுக்குப் பின்னால் சீனியர் என்போம். கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எதையும் யாருக்கும் சொல்லித்தர மாட்டார். மண்டியிலிருந்து பிரச்சினை என்று போன் வந்தால், "வை, நான் பாத்துக்கறேன்" என்பார். லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாலு தட்டு தட்டுவார். என்ன பண்ணீங்கண்ணா என்று கேட்டால், "சரியாயிடுச்சில்ல? அப்புறம் இன்னா?" என்பார். அவர் கல்யாணத்துக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும் பந்தியில் பாதியில் எழுந்து போனில் பேசுவார். பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு நிறைவு.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் முகையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கிறிஸ்தவக் குடும்பம், அப்பா விவசாயம். என்னை அக்கா என்பாள், என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறப்பாள். எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் பூ போடுவது வழக்கம். மண்டிகளும் அன்று தராசுக்குப் பூஜை போட்டு மூடிவிடும் என்பதால் எங்களுக்கும் வேலை இருக்காது. அந்த வருடம் துடைக்கிற வேலையை அவள்தான் ஆசையாக ஏற்றுக்கொண்டாள். "எங்க தெருவுல மாட்டுப் பொங்கலுக்கு நாங்களும்தான் மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிப்போம், எனக்கு வராதா?" என்று துணியை நனைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சீனியரின் மேசைக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மானிட்டர் கிடையாது, வெறும் பெட்டி. மேலே எப்போதும் அவருடைய ஹெல்மெட் இருக்கும். அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது, உதிரி என்றுதான் நினைத்திருந்தோம். அவர் அன்று மத்தியானமே சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவள் குனிந்து, ஹெல்மெட்டை எடுத்து வைத்து, பெட்டியைப் பவர் பட்டனை அழுத்தி முறைப்படி அணைத்து, சுவர் சுவிட்சையும் நிறுத்தி, தூசி துடைத்து, நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பூஜை முடிந்து மறுபடி அவளே அதைப் போட்டும் விட்டாள்.

எல்லா மண்டிக்கும் தேதியும் விலையும் அந்தப் பெட்டியிலிருந்துதான் போகிறது என்பது விடுமுறை முடிந்து கடை திறந்த காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெட்டியின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. அந்தப் பழைய தேதிக்கு என்ன விலை பதிவாகியிருந்ததோ, அதையே போட்டு ரசீது அடித்துக்கொண்டிருந்தது. மல்லாட்டை வந்து குவிகிற நேரம். திண்டிவனம் மண்டியில் விவசாயிகள் ரசீதைப் பார்த்துவிட்டுத் தராசைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் போனில் என்னிடம், "ஏம்மா, என் மல்லாட்டைக்கு எந்த வருசத்து வெலைமா போடுற?" என்று கேட்டார். சீனியருக்குப் போன் போட்டேன்.

சீனியர் வந்தார். லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தட்டினார். சரியாகிவிட்டது. பிறகு நிமிர்ந்து, "இத அணைச்சது யாரு?" என்றார்.

எங்கள் முதலாளி கேப்பை விதைத்து, நெல் அரவை மிஷின் விற்று, அதற்கப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் சீனியர் சொன்னால் அவருக்கு அப்பீல் இல்லை. அன்று சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் ஒயரை அவள் உருவிவிட்டாள், அதனால்தான் கெட்டுப்போனது என்று சீனியர் கூசாமல் சொன்னார். நான் எழுந்தேன்.

"உருவலைங்க. முறையாத்தான் அணைச்சா, நான் பக்கத்துல இருந்தேன். ஒழுங்கா அணைச்ச பெட்டியில தேதி ஏன் மாறணும்?"

"அது உனக்குப் புரியாது, உக்காரு" என்றார் சீனியர். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "பூஜை புனஸ்காரம் தெரியாத பொண்ணப் போயி பூஜை வேலைக்கு விட்டா இப்பிடித்தான் பேஜாராவும்" என்று சிரித்தார்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தச் சிரிப்பை நான் அன்றே எனக்குள் எழுதிக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் பேருக்கு ஒரு விக்கி இருந்தது. எல்லோரும் திறந்து படிக்கலாம், எழுதலாம் என்கிற பொதுப் பக்கங்கள். யாரும் எழுதமாட்டார்கள், சீனியர் சுத்தமாக எழுதமாட்டார். ஆனால் அன்று, அதிசயமாக, அவரே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். தலைப்பு: பூஜை அன்று நடந்த கோளாறு. காரணம்: அனுபவமில்லாத ஊழியரின் கவனக்குறைவு. கீழே அவள் பெயர். அவர் வாழ்நாளில் அந்த விக்கியில் எழுதிய ஒரே பக்கம் அதுதான். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

சரி, வேறு வேலை கிடைக்கும் என்று நானும் நினைத்தேன். புதுச்சேரியில் எங்களைப் போலவே மண்டி சாஃப்ட்வேர் செய்கிற ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள், நன்றாகச் செய்தாள். அவர்கள் விசாரிக்க எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார்கள். முதலாளிக்கு ஒரு காது மந்தம், எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கம்ப்யூட்டர் விஷயத்தில் தப்பாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று விக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளதை அப்படியே ஓதுவார். "காரணம், அனுபவமில்லாத, ஊழியரின், கவனக்குறைவு" என்று அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதை அலுவலகம் முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் விழுப்புரத்திலும் அதே கதை. இந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவள் என்னிடம் அழவில்லை. "அக்கா, நான் இன்னா அப்பிடிப் பண்ணிட்டேன்? அணைச்சுட்டுத் தொடைச்சேன். அவ்ளோதான?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்தக் காரணம் என்கிற வரியை அவர் கையாலேயே மாற்ற வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தை பிறந்ததும் டீமை நடத்தும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார். சீனியருக்கு ஆட்களை மேய்க்கிற வேலை பிடிக்காது, அது அவருக்குக் கீழான வேலை. அதனால் என் பாடு சுலபமாகிவிட்டது. பொறுப்பு வந்த அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் திறந்து அந்த வரியை நானே மாற்றியிருக்கலாம். பொறுப்பில் இருப்பவளை ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நான் மாற்றினால் தோழிக்காகத் தோழி எழுதியது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். அவர் வாயால் வரவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டிகள் மூடியிருந்த நேரம், கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு விழுப்புரம் வந்தேன். முதலாளியிடம் மட்டும் சொல்லிச் சாவி வாங்கியிருந்தேன். பெட்டியைத் திறந்தேன். நான் சந்தேகப்பட்டது சரிதான். கம்ப்யூட்டரை அணைத்திருக்கும்போது தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு பாட்டரி இருக்கும். அது செத்துக் கிடந்தது. அதனால்தான் அணைத்தவுடன் தேதி ஓடிப்போயிருக்கிறது. கீழே வாட்ச் கடைக்காரர் ஞாயிறும் திறந்து வைத்திருப்பார். அவரிடம் புதிய பாட்டரி வாங்கிப் போட்டேன். அணைத்துப் போட்டேன், மறுபடி அணைத்துப் போட்டேன். தேதி அசையவில்லை. செத்த பாட்டரியை என் பென்சில் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பாட்டரி சாவது யாருடைய குற்றமும் இல்லை. அது செத்துப்போனது அவருக்கு முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. அதற்காக டீமில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். தெரிந்தவர் எழுத வேண்டாம், கேட்டவர்தான் எழுத வேண்டும். பதில் சொன்னவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு சரி என்கிற பொத்தானை அழுத்தினால் போதும். யார் எப்போது அழுத்தினார்கள் என்பது பக்கத்தின் அடியிலேயே பதிவாகிவிடும். எந்தப் பக்கத்தையும் யாரும் அழிக்கக் கூடாது. சீனியருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நான் எழுத வேணாம்ல? பேசுனா போதும்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

எழுதச் சொன்னால் ஓடுகிற மனிதர், பேசச் சொன்னால் விடியவிடியப் பேசுவார் என்பது எனக்குத் தெரியும். அதுவும் கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் கேட்கவே வேண்டாம். டீமில் இருந்த சின்னப் பிள்ளைகளிடம், "அண்ணாகிட்டக் கேளுங்க, அண்ணாவுக்குத்தான் தெரியும்" என்று தூபம் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். அவர் சரி, சரி, சரி என்று அழுத்தினார். ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. ஒரு பக்கத்தின் நடுவில் ‘அண்ணாவுக்கு பஜ்ஜி என்றால் உயிர்’ என்று எழுதிவைத்தேன். அதற்கும் சரி விழுந்தது. அன்றைக்கு நான் ரயிலில் சிரித்துக்கொண்டே போனேன், எதிரே இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்படி வெயில் காலம் முழுக்க அவர் தலையில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக விக்கிக்கு இறங்கியது. மண்டிப் போன்களை இப்போது பிள்ளைகளே எடுத்துப் பேசினார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

ஆவணி மாதம் ஒருநாள் திண்டிவனம் மண்டிக்குப் புதுத் தராசை இணைக்க அவரும் நானும் டீம் பையன் ஒருவனும் காரில் போனோம். வழியில் கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தச் சொன்னேன். பஜ்ஜி வந்தது. வறுத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அண்ணா, உங்க மேசைக்குக் கீழ இருக்குற பெட்டி வருசக் கணக்கா நிக்காம ஓடுதே, எப்பிடிண்ணா?"

அவர் முகம் மலர்ந்தது. "அத அணைச்சாத்தான வம்பு? உள்ள பாட்டரி செத்து எவ்ளோ காலமாச்சு தெரியுமா? அணைச்சா தேதி பூடும். நெட்டுலேர்ந்து தேதி எடுத்துக்குற வசதியையும் நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன், நெட்டு அப்பப்போ பூடுது பாரு. அதான் அணைக்கறதே இல்ல."

"அந்த பூஜைக்கு முன்னாடியேவா செத்திருச்சு?"

"அட, அதுக்கும் முந்தின வருசமே. கரன்ட் போனப்ப ஒருவாட்டி தேதி பூட்ச்சு, யாருக்கும் தெரியாம நான்தான் ஜல்தியா சரி பண்ணேன்."

"மாத்தியிருக்கலாம்லண்ணா?"

"எதுக்கு மாத்தணும்? நான் இருக்கேன்ல?" என்று பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தார்.

பையன் என்னைப் பார்த்தான். அங்கேயே, அந்த பெஞ்சிலேயே, போனில் பக்கத்தை எழுதினேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடி. பாட்டரி செத்தது எப்போது தெரியும், எப்படித் தெரிந்தது, யாரிடமும் சொல்லவில்லை, மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை என்பதற்கு அவர் சொன்ன பதில். கடைசியில், இந்தப் பாட்டரி தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் மாற்றப்பட்டுவிட்டது என்றும் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. அவர் படித்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பேன்.

"அண்ணா, ஒரு பக்கம் வந்திருக்கு பாருங்க" என்றேன்.

போனை எடுத்தார். எண்ணெய் படாத சுண்டுவிரலால் சரி அழுத்தினார். "டீயில சக்கர கம்மி" என்றார்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முதலாளியை வைத்து ஒரு மீட்டிங் போட்டேன். போன பூஜையில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது, பெட்டியைப் பற்றிய பக்கத்தை எல்லோர் முன்னாலும் படித்துவிடலாம் என்றேன். "நல்ல விசயம்மா" என்றார் முதலாளி. "அண்ணா சொன்னதுதான், அவரே படிக்கட்டும்" என்றேன். சீனியர் குஷியாக எழுந்து பெரிய திரைக்கு முன்னால் போய் நின்றார்.

முதல் வரியைக் கணீரென்று படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. ‘பாட்டரி செத்துவிட்டது என்பது கோளாறு நடந்ததற்கு முந்தின வருடமே இவருக்குத் தெரியும்’ என்கிற இடத்தில் நின்றுவிட்டார்.

"படிங்கண்ணா" என்றேன்.

"யாரு எழுதுனது இத?"

"நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். கீழ பாருங்க, நீங்க சரி போட்டிருக்கீங்க."

நான் பென்சில் பையைத் திறந்து செத்த பாட்டரியை மேசை மேல் வைத்தேன். அது உருண்டு போய் முதலாளியின் டம்ளரில் முட்டி நின்றது. முதலாளி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிச்சத்தை அவரே திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்க வெகுநேரமானது. நான் அவசரப்படுத்தவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றார்.

சீனியர், "இல்லங்க, அது வந்து, டீக்கடையில சும்மா பேசிக்கினு..." என்று ஆரம்பித்தார்.

"நானும் இருந்தேன் சார்" என்றான் அந்தப் பையன்.

"நான் அந்தப் பொண்ண வெளிய அனுப்பிட்டேனேய்யா" என்றார் முதலாளி. கத்தவில்லை. பிறகு, "உன் கையாலதான எழுதுன? உன் கையாலயே மாத்து. இப்பவே" என்றார்.

அத்தனை பேர் பார்க்க, பெரிய திரையில், சீனியர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். லேப்டாப்பைத் திருப்பிக்கொள்ளச் சுவர் இல்லை. ‘பாட்டரி பழுது’ என்று மட்டும் அடித்து நிறுத்தினார். "யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னும் போடுங்கண்ணா" என்றேன். போட்டார். ‘அணைத்த ஊழியர் முறைப்படி அணைத்தார். அவர் மேல் தவறு இல்லை. பாட்டரி பழுது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.’ அவர் பெயரோடு அது பதிவானது. எனக்கு இனித்தது. பாவமாக இருந்ததா என்று என்னைப் பின்னால் கேட்டவர்கள் உண்டு. இல்லை. அந்தப் பூஜைப் பேச்சுக்குப் பிறகு அவருக்கென்று வைத்திருந்த பாவத்தையெல்லாம் நான் எப்போதோ செலவழித்துவிட்டேன்.

முதலாளி அவளுக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னார். அவள் மரியாதையாக மாட்டேன் என்றாள். "அந்தப் படி ஏற முடியாது அக்கா, எனக்குப் புதுச்சேரி வேலைதான் வேணும்" என்றாள் என்னிடம். மறுபடி விண்ணப்பித்தாள்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய ஒரு முற்பகலில் முதலாளியின் போன் அடித்தது. புதுச்சேரி. ஸ்பீக்கரில் போட்டார், கண்ணாடியை மாட்டினார், விக்கியைத் திறந்தார். தலைப்பிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் ஓதினார். "பாட்டரி, பழுது, எனக்குத் தெரியும். நான், சொல்லவில்லை." சீனியர் தன் நாற்காலியில் அசையாமல் இருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார்.

"இதை எழுதினவர் இப்பவும் உங்ககிட்டதான் இருக்காரா சார்?" என்று கேட்டது அந்தக் குரல்.

"இதோ, எதிர்லதான் உக்காந்துக்கினு இருக்காரு. பேசறீங்களா?"

"வேணாம் சார். அந்தப் பொண்ணைத் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிடறோம்."

அன்று சாயங்காலம் நான் ரயிலுக்குக் கிளம்பும்போது சீனியர் என் மேசைக்கு வந்தார். என்னிடம் அவர் ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பக்கத்த எடுத்துடலாம்லம்மா? இன்னும் எத்தினி பேருகிட்ட ஓதுவாரு?"

"எடுக்கலாமான்னு யோசிக்கலாம்ணா. ஆனா கேட்டவங்கதான எழுதணும்? ஏன் எடுக்கணும்னு ஒரு பக்கம் எழுதிப் போடுங்க. நான் முழுசாப் படிச்சுட்டு சரி போடறேன்."

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். அவர் இன்னும் எழுதவில்லை. நான் தினமும் காலையில் வந்ததும் ஒருமுறை பார்க்கிறேன்.